0.35 பெரியதா, 0.4 பெரியதா?

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதம். ஏழாம் வகுப்பில் தசம எண்களைத் தொடங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என்று இடமதிப்பு அட்டவணை போட்டு விளக்கியாகிவிட்டது. குழந்தைகளும் தலையாட்டிவிட்டார்கள். பயிற்சிக் கணக்குகளுக்குப் போகும் முன் ஒரு சோதனைக்காகக் கரும்பலகையில் 0.35, 0.4 என்று இரண்டு எண்களை எழுதி, "இதில் எது பெரியது?" என்று கேட்டேன்.

வந்திருந்த 26 பேரில் 17 பேர் 0.35க்குக் கை தூக்கினார்கள். மீதி 9 பேர் 0.4 என்றார்கள்.

இந்த இடத்தில் நான் பல ஆண்டுகளாகச் செய்துவந்தது ஒன்றுதான். "0.4க்குப் பின்னால் ஒரு பூச்சியம் போடுங்கள். இப்போது நாற்பது பெரியதா, முப்பத்தைந்து பெரியதா?" ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். தேர்வில் மதிப்பெண்ணும் வரும். அதற்கு முந்தைய ஆண்டு வகுப்பில் எல்லாருமே இந்த முறையில் ஒப்பிடும் கணக்குகளைச் சரியாகப் போட்டார்கள். ஆனால் அதே பிள்ளைகளிடம் ஒருநாள் 0.3க்கும் 0.4க்கும் இடையில் ஓர் எண் சொல்லச் சொன்னபோது, "ஒண்ணும் இல்ல டீச்சர், மூணுக்கு அடுத்து நாலுதானே" என்றார்கள். பூச்சியம் சேர்க்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு 0.3 என்பது எவ்வளவு என்பது தெரியாமலே இருந்திருக்கிறது. அந்தப் பதில் வெகுநாள் என் மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது.

அதனால் இந்த முறை விடையைச் சொல்லவில்லை. இரண்டு தரப்பையும் பார்த்து, "ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். அந்தக் கேள்வி நான்கு பாடவேளைகளை எடுத்துக்கொண்டது. அந்த நான்கு பாடவேளைகளில் நடந்ததையே இங்கே எழுதுகிறேன். குழந்தைகளின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

தராசும் பைசாவும்

0.35 பெரியது என்றவர்களின் காரணம் எதிர்பார்த்ததுதான். நாலை விட முப்பத்தைந்து பெரியது. அதற்கு ஒரு மாணவன் பைசாவைச் சாட்சிக்கு அழைத்தான். அவன் தந்தை பேருந்து நடத்துநர். "0.35 ரூபாய்னா முப்பத்தஞ்சு பைசா. 0.4 ரூபாய்னா நாலு பைசா. எது பெருசு?" வகுப்பில் பாதிப் பேர் "அதானே" என்றார்கள்.

மளிகைக் கடை வைத்திருக்கும் வீட்டுச் சிறுமி எழுந்தாள். "எங்க கடைத் தராசுல 0.350ன்னு வந்தா முந்நூத்தம்பது கிராம். 0.400ன்னு வந்தா நானூறு கிராம். நானூறுதான் பெருசு."

நான் இங்கே முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் நடத்துநர் மகன் விடவில்லை. "தராசுல புள்ளிக்கு அப்புறம் மூணு எண் இருக்கு. போர்டுல ஒண்ணுதான் இருக்கு. இது நாலு கிராமாக்கூட இருக்கலாம்ல?"

நியாயமான எதிர்க்கேள்வி. 0.4ம் 0.400ம் ஒன்றே என்பதை அந்தச் சிறுமி எடுத்துக்கொண்டாளே தவிர, காட்டவில்லை. அவளுக்கும் அது புரிந்தது. பதில் இல்லாமல் நின்றாள். மணி அடித்துவிட்டது. விடை சொல்லாமல் வகுப்பை விட்டு வெளியே வருவது எனக்குப் பழக்கமில்லாத காரியம். ஏதோ கடமையில் தவறியது போலவே அன்று மாலை முழுவதும் இருந்தது.

மறுநாள் நான் வருகைப் பதிவேட்டை மூடும் முன்பே அவள் கை தூக்கியிருந்தாள். "டீச்சர், கால்குலேட்டர்ல இருபதும் 22.50ம் கூட்டிப் பார்த்தேன். 42.5ன்னுதான் வருது. கடைசிப் பூச்சியத்தை அது போடவே மாட்டேங்குது. எங்கப்பா அதை நாப்பத்திரண்டரை ரூபாய்ன்னுதான் வாங்குவாரு. நாப்பத்திரண்டு ரூபாய் அஞ்சு பைசான்னு வாங்க மாட்டாரு."

வகுப்பு சிரித்தது. நடத்துநர் மகன் சிரிக்கவில்லை, யோசித்தான். பிறகு கேட்டான்: "அப்போ நிஜமாவே அஞ்சு பைசான்னா எப்படி எழுதுறது?"

நான்கு நாள்களில் வந்த கேள்விகளில் இதுதான் சிறந்தது என்பேன். மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் "42.05" என்றார்கள். அந்தப் பூச்சியம் எதற்கு என்று கேட்டேன். "அஞ்சு தள்ளி உட்காரணும்ல, அதுக்கு" என்றாள் ஒருத்தி. நான் அட்டவணை போட்டு இரண்டு நாள் சொன்ன இடமதிப்பு, அவர்கள் வாய்வழியாக அப்போதுதான் வெளியே வந்தது. 0.4 ரூபாய் நாற்பது பைசா என்பதை நடத்துநர் மகனே கடைசியில் சொல்லி, தன் கையைத் தாழ்த்திக்கொண்டான்.

நான் சொல்லியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். வேறுபாடு என்னவென்றால், நான் சொல்லியிருந்தால் அவன் ஒப்புக்கொண்டிருப்பான், அவ்வளவுதான். ஆசிரியர் சொல்வதைக் குழந்தை பெரும்பாலும் எடைபோட்டுப் பார்ப்பதில்லை, ஏற்றுக்கொள்கிறது. பக்கத்தில் இருக்கும் குழந்தை சொன்னால் எதிர்த்துக் கேட்கிறது. பெரியவர்களின் சொல்லுக்குள்ள அதிகாரம் சமவயதினரின் சொல்லுக்கு இல்லாததாலேயே அவர்களோடு நடக்கும் விவாதம் குழந்தையின் சிந்தனையை அசைக்கிறது என்று ழான் பியாஜே 1930களிலேயே எழுதியிருக்கிறார். பி.எட். படித்தபோது இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். அந்த வாக்கியத்துக்கு இப்படி ஒரு முகம் இருக்கும் என்று அப்போது நினைக்கவில்லை.

சரியான விடைக்குள் இருந்த தவறு

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும்.

முதல் நாளே, 0.4 என்று சரியாகச் சொன்ன 9 பேரிடமும் காரணம் கேட்டேன். கடைசி வரிசை மாணவன் ஒருவன், "புள்ளிக்கு அப்புறம் எண் குறைவா இருந்தா பெருசு டீச்சர்" என்றான். எனக்குச் சந்தேகம் வந்தது. 0.75, 0.4 என்று எழுதி, இதில் எது பெரியது என்றேன். தயங்காமல் "0.4" என்றான். "முக்கால், அதைவிடச் சின்னதாடா?" என்று யாரோ கத்த, வகுப்பே சிரித்தது. நானும் புன்னகைத்துவிட்டேன். அவன் உட்கார்ந்துவிட்டான்.

அவனுடைய குறிப்பேட்டை நான் திருத்தியிருந்தால் முதல் கணக்குக்குச் சரிக் குறி போட்டிருப்பேன். தவறான காரணத்தோடு வரும் சரியான விடையைக் குறிப்பேட்டில் கண்டுபிடிக்கவே முடியாது, பேசவைத்தால்தான் தெரியும். பேசவைத்தேன், சரி. ஆனால் அதற்கான விலையை அவன் கொடுத்தான். மறுநாள் வகுப்பு முழுவதும் அவன் கை எழவில்லை. பக்கத்தில் இருப்பவனிடம்கூடப் பேசவில்லை.

சத்துணவு வரிசையில் அவன் பக்கத்தில் போய் நின்று, "எண் குறைவாக இருந்தால் பெரியது என்று ஏன் நினைத்தாய்?" என்று கேட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நீங்கதான டீச்சர் சொன்னீங்க, பத்தில் ஒண்ணைவிட நூறில் ஒண்ணு சின்னதுன்னு. நூறு பங்கு போட்டா துண்டு சின்னதாத்தான இருக்கும்?"

ஒவ்வொரு சொல்லும் சரி. 17 பேரும் 0.35ஐ முழு எண்ணாகப் படித்துக்கொண்டிருந்தபோது, பங்கின் அளவைப் பற்றி யோசித்தவன் இவன்தான். துண்டு சிறியது என்பதைப் பிடித்தவன், எத்தனை துண்டு என்பதை எண்ண மறந்துவிட்டான். அவனைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லாரும் சிரித்திருக்கிறோம்.

மூன்றாம் நாள் அவனிடம் கேட்டுக்கொண்டு, அவன் சொன்னதை அவன் பெயரோடு கரும்பலகையில் எழுதினேன். "இதில் ஒரு பகுதி முழுக்கச் சரி. எந்தப் பகுதி? எங்கே வழுக்கியது?" என்று கேட்டுவிட்டு, ஆளுக்கொரு வரைபடத்தாளும் கொடுத்தேன். பத்துக்குப் பத்துக் கட்டம் கொண்ட சதுரம் ஒன்று, அதில் ஒரு பட்டை பத்தில் ஒன்று, ஒரு சிறு கட்டம் நூறில் ஒன்று. முதலில் இரண்டிரண்டு பேராகப் பேசச் சொன்னேன்.

ஐந்தாம் வகுப்பிலிருந்தே வகுப்பில் வாய் திறக்காத ஒரு சிறுமி உண்டு. வருகைப் பதிவின்போது "உள்ளேன்" என்பதோடு சரி. அவள் பக்கத்திலிருந்தவள் எழுந்து, "டீச்சர், இவ ஒண்ணு சொல்றா" என்றாள். சற்று நேரம் எல்லாரும் காத்திருந்தோம். பிறகு அவளே தாளை உயர்த்திக் காட்டினாள். "0.35ல மூணு பட்டை, அஞ்சு கட்டம். நாலாவது பட்டை பாதிதான் நிரம்பியிருக்கு. 0.4ல நாலு பட்டையும் நிரம்பிடுச்சு." கொஞ்சம் நிறுத்தி, கடைசி வரிசையைப் பார்த்துச் சொன்னாள்: "கட்டம் சின்னதுதான். ஆனா 75 கட்டம் இருந்தா ஏழு பட்டையைத் தாண்டிடும்."

கடைசி வரிசைக்காரன் தன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதைப் படிக்கும் சிலருக்கு டெபோரா பால் எழுதிய ஒரு வகுப்பு நினைவுக்கு வரலாம். அவர் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிக்கொண்டே, ஓர் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குக் கணிதமும் கற்பித்தவர். 1990 ஜனவரியில் ஒருநாள், ஆய்வுக் கட்டுரைகளில் சீன் என்று குறிக்கப்படும் மாணவன், 6 என்பது இரட்டைப்படை, ஒற்றைப்படை இரண்டுமே என்றான். காரணம், 6க்குள் மூன்று இரண்டுகள் இருக்கின்றன, மூன்று ஒற்றைப்படை. வகுப்புத் தோழி ஒருத்தி, அப்படிப் பார்த்தால் 10க்குள்ளும் ஐந்து இரண்டுகள் இருக்கின்றனவே, 10ம் அப்படியா என்று மடக்கினாள். அவன் அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு, ஆமாம், 10ம் அப்படித்தான் என்றான்! டெபோரா பால் அவனைத் தவறு என்று உட்காரவைக்கவில்லை. 2, 6, 10, 14 என்று போகும் அந்த எண்களுக்குச் 'சீன் எண்கள்' என்றே பெயர் வைத்து, அவற்றில் என்ன ஒழுங்கு தெரிகிறது என்று பிள்ளைகளைத் தேடவிட்டார். ஒற்றை, இரட்டை என்ற சொற்களின் வரையறையை மட்டும் வகுப்பு அப்படியே காத்துக்கொண்டது.

அந்தத் துணிச்சல் எனக்கு இல்லை. ஆனால் தவறான விடைக்குள் ஏதோ ஒரு கணிதம் இருக்கக்கூடும் என்று தேடிப் பார்க்கும் பழக்கம் அன்றிலிருந்து வந்திருக்கிறது.

4.6 கிடையாது

மூன்றாம் நாளே இன்னொன்றும் நடந்தது. எண்கோட்டில் 4க்கும் 5க்கும் இடையே பத்துப் பிரிவுகள் போட்டு, 4.6ஐக் குறிக்கச் சொன்னேன். ஒருவன் வந்து சுண்ணக்கட்டியோடு நின்றான். "4.6ன்னு ஒண்ணு கிடையாது டீச்சர். 4.5க்கு அப்புறம் 5தான்." பையன்கள் பலர் ஆமோதித்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது, அவன் ஓவரைச் சொல்கிறான். கிரிக்கெட்டில் 4.5 ஓவருக்கு அடுத்த பந்து வீசினால் ஐந்து ஓவர் முடிந்துவிடும்.

தசம எண்ணுக்கு அன்றாட வாழ்க்கையிலிருந்து எடுத்துக்காட்டு தேடி அலைகிறோம். அவர்கள் தினமும் பார்க்கும் புள்ளியோ தசமப் புள்ளியே இல்லை. "4.3 ஓவர்னா நாலரை ஓவர். அப்போ புள்ளி மூணுதான் பாதி" என்று இன்னொருவன் சொன்னதும், "நேத்து புள்ளி அஞ்சுதான பாதின்னோம்?" என்று மளிகைக் கடைச் சிறுமி பாய்ந்தாள். அரைமணி நேரம் சண்டை. ஓவரில் ஆறு பந்து, அதனால் ஆறாவது வந்ததும் அடுத்த ஓவர். ரூபாயில் நூறு பைசா. பட்டையில் பத்துக் கட்டம். ஒவ்வொன்றிலும் புள்ளிக்குப் பின்னால் எத்தனை சேர்ந்தால் ஒன்று முன்னால் ஏறுகிறது என்று அவர்களே ஒரு பட்டியல் போட்டார்கள். அப்போது ஒருத்தி கடிகாரத்தைக் காட்டினாள்: 10.30 மணி என்றால் பத்தரை. அறுபது நிமிடம் சேர்ந்தால்தான் பதினொன்று. 10.30ஐ 10.3 என்று எழுதினால் யாருக்கும் புரியாது, ஆனால் 42.50ஐ 42.5 என்று எழுதலாம். ஏன்?

இந்த இடத்தில் நான் பேசினேன். கலந்துரையாடல் என்றால் ஆசிரியர் வாய் திறக்கவே கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள்; எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணம் சொல்லிக் கண்டடையக்கூடியவை இருக்கின்றன. மனிதர்கள் தமக்குள் ஒப்புக்கொண்ட வழக்கங்களும் இருக்கின்றன. பின்னதை எவ்வளவு பேசினாலும் கண்டடைய முடியாது, சொல்லித்தான் ஆக வேண்டும். நேரத்திலும் ஓவரிலும் புள்ளி, இரண்டு அலகுகளைப் பிரித்துக் காட்டும் ஒரு குறி மட்டுமே. தசம எண்ணில் புள்ளிக்கு வலப்பக்கம் ஒவ்வோர் இடமும் முந்தையதில் பத்தில் ஒரு பங்கு என்று உலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஐரோப்பாவில் தசமப் பின்னங்களைப் பரவலாக்கிய சைமன் ஸ்டெவின், 1585இல் வெளியிட்ட சிறுநூலில் புள்ளியே வைக்கவில்லை. இலக்கங்களோடு வட்டத்துக்குள் சிறு எண்களைப் போட்டு இடத்தைக் காட்டினார் என்றும் சொன்னேன். "அது ரொம்பக் கஷ்டம்ல" என்றார்கள் பிள்ளைகள்.

நேரம், சத்தம், மௌனம்

குறுவள மையக் கூட்டத்தில் இதைப் பகிர்ந்தபோது, முதலில் வந்த கேள்வி பாடப்பகுதியை எப்போது முடிப்பது என்பது. நியாயமான கேள்விதான். எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த முடியாது; நானும் நடத்துவதில்லை. மாதத்துக்கு இரண்டு மூன்று கேள்விகள், எந்த இடத்தில் குழந்தைகள் இரண்டு அணியாகப் பிரிவார்களோ அந்த இடத்தில் மட்டும். எல்லாருக்கும் விடை தெரிந்த கேள்வியில் பேச ஒன்றும் இருக்காது. யாருக்குமே பிடி கிடைக்காத கேள்வியிலும் அப்படித்தான். 0.35ம் 0.4ம் வேலை செய்ததற்குக் காரணம், இரண்டு தரப்பிடமும் காரணங்கள் இருந்தன. 0.35ம் 0.42ம் கொடுத்திருந்தால் தவறான காரணம் உள்ளவர்களும் சரியாகச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.

தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005க்காகக் கணிதம் கற்பித்தல் குறித்த நிலைப்பாட்டு அறிக்கையை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் ஆர். ராமானுஜம். குழந்தையின் சிந்தனை கணித வழியில் அமைவதே முதன்மை நோக்கம் என்கிறது அந்த அறிக்கை. நோக்கம் அதுவென்றால் நான்கு பாடவேளை அதிகமில்லை என்று கூட்டத்தில் சொன்னேன். எல்லாரும் ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது.

காத்திருப்பதுதான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் பொதுவாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறோம், அதை மூன்று விநாடியாக்கினாலே விடைகள் நீள்கின்றன, பேசும் குழந்தைகளும் கூடுகிறார்கள் என்று 1970களில் மேரி பட் ரோ என்ற கல்வியாளர் வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டுக் கண்டறிந்தார். மூன்று விநாடி என்ன பெரிது என்று நினைப்போம். மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிக்கொண்டு அமைதியான வகுப்பின் முன் நின்று பாருங்கள்.

இன்னொன்று, என் முகம். ஒரு குழந்தை சரியாகச் சொன்னதும் என் தலை தானாக ஆடிவிடும். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். மற்றவர்கள் என் தலையைப் படித்து விடையை முடிவுசெய்துவிடுவார்கள். இப்போது யார் என்ன சொன்னாலும் அதை அப்படியே கரும்பலகையில் எழுதிக்கொண்டு, வகுப்புக்கு முதுகைக் காட்டியபடியே, "இவர் சொன்னதை வேறு யாராவது உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்கிறேன். சிரிப்பு வந்தாலும் அவர்களுக்குத் தெரியாது.

காலாண்டுத் தேர்வில் இதே போன்ற ஒரு கணக்கு வந்தது. நான்கு பேர் அப்போதும் தவறாகவே எழுதியிருந்தார்கள். அதில் இருவர் அந்த நான்கு நாள்களில் ஒருமுறைகூடப் பேசாதவர்கள் என்பதைக் குறித்துவைத்திருக்கிறேன். மற்ற இருவர் நன்றாகவே பேசியவர்கள்; அது ஏன் என்று அவர்களோடு உட்கார்ந்து கேட்க வேண்டும்.

நான்காம் நாளைச் சொல்லவில்லையே. அன்று, முந்தைய ஆண்டு என்னை உறுத்திய அதே கேள்வியைக் கேட்டேன்: 0.3க்கும் 0.4க்கும் இடையில் ஏதாவது எண் உண்டா? மூன்றாவது பட்டைக்கும் நாலாவது பட்டைக்கும் இடையே ஒன்பது கட்டங்களைக் காட்டி, 0.31 முதல் 0.39 வரை ஒன்பது எண்கள் என்றார்கள். அவ்வளவுதானா என்று கேட்டேன். அவ்வளவுதான் என்றது வகுப்பு. "0.39க்கு அப்புறம் 0.4தான்" என்றான் நடத்துநர் மகன்.

கடைசி வரிசையிலிருந்து கை எழுந்தது. முதல் நாளுக்குப் பிறகு அன்றுதான். எழுந்து வந்து, கரும்பலகையில் வரைந்திருந்த கட்டங்களில் கடைசிக் கட்டத்தைச் சுட்டிக்காட்டி, "இதையும் பத்தா வெட்டலாம்ல?" என்றான். யாரும் சிரிக்கவில்லை. 0.391 என்று எழுதினான். 0.392, 0.393 என்று 0.399 வரை போய், சற்று நின்று, அதற்கும் 0.4க்கும் நடுவில் 0.3991 என்று எழுதினான். மணி அடித்துவிட்டது. சமூக அறிவியல் ஆசிரியர் வாசலில் வந்து நின்றார். அவன் சுண்ணக்கட்டியைக் கீழே வைக்காமல் திரும்பி என்னைக் கேட்டான்: "டீச்சர், இது எங்க போய் நிக்கும்?"

சமூக அறிவியல் ஆசிரியர் கரும்பலகையில் அந்த மூலையை மட்டும் அழிக்காமல் பாடம் நடத்தினார்.